எல்இடிக்கு எந்த டிரைவர்? பேட்டரி, அடாப்டர், 230 வோல்ட்: மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை

சென்னை ரிச்சி தெருவில் 50 வாட் வெள்ளை எல்இடி சிப் வாங்குவது ஐந்து நிமிட வேலை. அதற்குப் போகும் கரண்டை அளவோடு கொடுக்கும் சர்க்யூட்தான் டிரைவர். "இதுக்கு எது சார் டிரைவர்?" என்று கேட்டால்தான் கடைக்குக் கடை பதில் மாறும். ஒருவர் இரண்டு ஸ்க்ரூ வைத்த நீல நிற மாட்யூலை (தயார் நிலைச் சிறு சர்க்யூட் போர்டு) எடுத்துப் போடுவார். அடுத்த கடையில் சீல் செய்த அலுமினிய டப்பா டிரைவரைக் காட்டுவார்கள். இன்னொரு இடத்தில் "டிரைவரே வேணாம், நேரா 230-ல போடுற சிப் இருக்கு" என்பார்கள். மூவர் சொல்வதும் ஏதோ ஓரிடத்துக்குச் சரிதான். உங்களிடம் என்ன சப்ளை இருக்கிறது என்று கேட்காமல் சொன்னதில்தான் கோளாறு.

கடைக்குப் போகும் முன் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சப்ளை எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை ஆடும்? எல்இடி எத்தனை வோல்ட் கேட்கும்? சப்ளை எப்போதும் எல்இடியைவிட இரண்டு வோல்ட்டாவது மேலே நின்றால் வோல்டேஜை இறக்கும் மாட்யூல். எப்போதும் கீழே நின்றால் வோல்டேஜை ஏற்றும் மாட்யூல். சில நேரம் மேலே, சில நேரம் கீழே என்றால், மாட்யூலைத் தேடாமல் எல்இடி வரிசையை மாற்றுங்கள், அதுதான் மலிவு. வாட் கணக்கு இதற்கெல்லாம் பிறகு வருவது.

எல்இடிகளின் கணக்கு இப்படி: 1 வாட் வெள்ளை எல்இடிக்கு 350 மில்லியாம்பியர், 3.0 முதல் 3.4 வோல்ட். 3 வாட் வகைக்கு 700 மில்லியாம்பியர். 10 வாட் சதுரச் சிப்புக்குள் மூன்று எல்இடி தொடராக இருப்பதால் 9 முதல் 11 வோல்ட், 900 முதல் 1050 மில்லியாம்பியர். 50 வாட் சிப்பில் பத்து தொடராக நிற்கும்: 30 முதல் 34 வோல்ட், 1.5 ஆம்பியர். 100 வாட்டுக்கும் அதே வோல்டேஜ், கரண்ட் 3 ஆம்பியர்.

"அளந்து சரியான வோல்டேஜ் வைத்தால் போதாதா, கரண்டை எதற்குக் கட்டுப்படுத்த வேண்டும்?" என்ற கேள்வி எப்போதும் வரும். சூடு ஏறினால் ஒவ்வொரு எல்இடியின் வோல்டேஜும் டிகிரிக்கு 2 முதல் 4 மில்லிவோல்ட் இறங்கும். பத்து தொடராக உள்ள 50 வாட் சிப் 40 டிகிரி சூடேறினால் மொத்தம் 0.8 முதல் 1.6 வோல்ட் இறங்கிவிடும். காலையில் குளிர்ந்த சிப்பில் 1.5 ஆம்பியருக்கு வைத்த அதே வோல்டேஜ், அரை மணி நேரத்தில் அதைவிடப் பல மடங்கு தள்ளப் பார்க்கும். கரண்ட் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கரண்ட் கூடும். சிப்பின் நடுவில் கறுப்புப் புள்ளி விழுவது பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான்.

ஸ்க்ரூ வைத்த நீல மாட்யூல்

எல்எம்2596, எக்ஸ்எல்4015 என்ற இரண்டு ஐசி சிப்களைச் சுற்றித்தான் இந்தச் சந்தை ஓடுகிறது. இரண்டும் வோல்டேஜை இறக்கும் வகை. முதலாவது 3 ஆம்பியர், ஸ்விட்சிங் வேகம் 150 கிலோஹெர்ட்ஸ். இரண்டாவது 5 ஆம்பியர், 180 கிலோஹெர்ட்ஸ். அட்டையில் எழுதியிருக்கும் ஆம்பியரை ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினியத் துண்டு) இல்லாமல் நம்பக்கூடாது. எல்எம்2596-க்கு ஒன்றரை, எக்ஸ்எல்4015-க்கு இரண்டரை என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். எக்ஸ்எல்4015-க்கு உள்ளீடு 36 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. எல்எம்2596 சிப் 40 வோல்ட் வரை தாங்கினாலும், மாட்யூலில் உள்ள கெபாசிட்டர் பல நேரம் 35 வோல்ட் வகை. வாங்கும்போது அந்தக் கெபாசிட்டரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு ஸ்க்ரூ இருந்தால் ஒன்று வோல்டேஜ், மற்றொன்று கரண்ட். மூன்று இருந்தால் நடுவில் இருப்பது பெரும்பாலும் பேட்டரி சார்ஜ் முடிந்ததைக் காட்டும் சிறு விளக்குக்கானது. எல்இடி வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு ஸ்க்ரூ இருந்தால் அதில் கரண்ட் கட்டுப்பாடு இல்லை, வோல்டேஜ் மட்டும்தான். பெயர், நிறம், அளவு எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்பதால் அவசரத்தில் இதை வாங்கி வருபவர்கள் அதிகம்.

செட் செய்யும் முறை. எல்இடியை இணைக்காமல் சப்ளை கொடுத்து, வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்தபடி வோல்டேஜ் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். மூன்று வெள்ளை எல்இடி தொடருக்கு 10.5 முதல் 11 வோல்ட் போதும். ஸ்க்ரூ இருபதுக்கும் மேற்பட்ட சுற்று ஓடக்கூடியது. முதல் பத்துச் சுற்றில் எதுவும் அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பிறகு கரண்ட் ஸ்க்ரூவை இடப்பக்கமாகக் கடைசி வரை திருப்பிவிடுங்கள். முனைக்கு வந்ததும் மெல்லிய 'டிக்' கேட்கும். சப்ளையை நிறுத்தி, மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வெளியீட்டின் பிளஸையும் மைனஸையும் மீட்டர் வழியாகவே ஷார்ட் செய்யுங்கள். சப்ளை கொடுத்து, கரண்ட் ஸ்க்ரூவை மெல்ல வலப்பக்கம் திருப்பி, தேவையான அளவில் நிறுத்துங்கள். மலிவான மஞ்சள் மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது, பத்து வினாடிக்கு மேல் பிடிக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் கம்பியைப் பழைய துளைக்கு மாற்ற மறந்தால், அடுத்த முறை வோல்டேஜ் பார்க்கப் போய் சப்ளையையே ஷார்ட் செய்வீர்கள்.

முழு அளவுக்கு வைக்காதீர்கள். 700 மில்லியாம்பியர் எல்இடிக்கு 550 வைத்தால் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற குறை இருக்காது. சூட்டில் கைக்குத் தெரிகிற குறை இருக்கும்.

இனி எல்இடியை மாட்டலாம். ஆனால் சப்ளையை நிறுத்திவிட்டு, வெளியீட்டுக் கெபாசிட்டர் வடியும்வரை பொறுத்து மாட்டுங்கள். மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்இடியைத் தொட்டு வைத்தால், கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் சார்ஜ் மொத்தமும் ஒரே கணத்தில் எல்இடிக்குள் இறங்கும். கரண்ட் கட்டுப்பாடு அதைத் தடுக்காது, ஏனென்றால் அந்தக் கெபாசிட்டர் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜை எல்இடியின் தேவைக்குச் சற்றே மேலே மட்டும் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 24 வோல்ட்டில் விட்டுவிட்டு 10 வாட் சிப்பைத் தொட்டால் ஒரு மின்னல் மட்டும் தெரியும்.

இந்த மாட்யூல்களின் பெரிய பொறி வேறிடத்தில் இருக்கிறது. கரண்டை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டர், பெரும்பாலும் 0.05 ஓம், மைனஸ் பக்கத்தில், உள்ளீட்டு மைனஸுக்கும் வெளியீட்டு மைனஸுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு மைனஸும் வேறு எங்காவது ஒன்று சேர்ந்தால் கரண்ட் ஷன்ட் வழியாகப் போகாது. மாட்யூல் 'கரண்டே இல்லை' என்று நினைத்துக்கொள்ளும். ஆட்டோவிலோ காரிலோ எல்இடியின் மைனஸை பாடியில் முடுக்கிவிட்டால் நடப்பது இதுவே. ஒரே பேட்டரியில் இரண்டு மாட்யூல் வைத்து, எல்இடிகளின் மைனஸ்களை ஒரே ஒயரில் சேர்த்தாலும் கணக்கு கெடும்: கரண்ட் இரண்டு ஷன்ட்களுக்கும் நடுவே தன்னிஷ்டத்துக்குப் பிரியும். எல்இடியிலிருந்து வரும் இரண்டு ஒயரும் அதனதன் மாட்யூலுக்கே திரும்ப வேண்டும்.

சிறிய கரண்டுக்கும் இது ஏற்றதல்ல. 350 மில்லியாம்பியரில் 0.05 ஓம் ஷன்ட்டில் விழுவது 17.5 மில்லிவோல்ட் மட்டும். அதை அளக்கும் எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) ஒன்றுக்கே இரண்டு மூன்று மில்லிவோல்ட் பிசகு இயல்பு. அதனால் ஒரே ஒரு 1 வாட் எல்இடியை ஓட்ட எக்ஸ்எல்4015 வாங்குவது, அரைக்கால் டம்ளர் பால் அளக்கக் குடத்தைத் தூக்குவது போல. ஸ்க்ரூவின் கால் சுற்றுக்கே அளவு துள்ளும்.

ஸ்க்ரூவைப் பற்றி இன்னொன்று. மாட்யூல் வாங்கக் காரணமே அதுதான். முதலில் கெடுவதும் அதுதான். வோல்டேஜ் ஸ்க்ரூவின் உள்ளே தொடும் முனை அதிர்விலோ உப்புக் காற்றிலோ விட்டுப்போனால், பெரும்பாலான போர்டுகளில் வெளியீடு உள்ளீட்டு வோல்டேஜுக்கே ஏறிவிடும். வண்டியிலோ கடற்கரைப் பக்கமோ நிரந்தரமாகப் பொருத்தும் மாட்யூலில் அளவு முடிவானதும் வோல்டேஜ் ட்ரிம்பாட்டை (ஸ்க்ரூ வைத்த அந்த மாறும் ரெசிஸ்டரை) கழற்றி, அதன் ஓம் அளவைப் பார்த்து, நெருங்கிய 1 சதவீத ரெசிஸ்டரை சால்டர் செய்துவிடுவது நல்லது. கரண்ட் ட்ரிம்பாட்டின் மூன்று கால்களும் வேலை செய்வதால் அங்கே இரண்டு ரெசிஸ்டர் தேவைப்படும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். திரும்புவதையாவது அது தடுக்கும்.

திருப்ப ஒன்றும் இல்லாத சின்ன மாட்யூல்

பிடி4115 என்ற ஐசி வைத்த இறக்கும் மாட்யூல் பார்க்க அற்பமாக இருக்கும்: ஒரு காயில், ஒரு டையோடு, எட்டுக் கால்கூட இல்லாத ஒரு சிப். 6 முதல் 30 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும், 1.2 ஆம்பியர் வரை தரும். கரண்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு ரெசிஸ்டர். 0.1-ஐ அதன் ஓம் அளவால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்: 0.3 ஓம் என்றால் 333 மில்லியாம்பியர், 0.15 ஓம் என்றால் 667, 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியர். அளக்கும் இடம் பிளஸ் பக்கம் என்பதால் மேலே சொன்ன மைனஸ் பொறி இதில் இல்லை. ஆனால் எல்இடியின் இரண்டு ஒயரையும் மாட்யூலிலிருந்தே எடுக்க வேண்டும், பாடியில் முடுக்க முடியாது.

நிரந்தர வேலைக்கு, ஒரு வரிசைக்கு 1 ஆம்பியருக்குள் என்றால், தேர்வு இதுதான். நீல மாட்யூலை மேசைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிடி4115-இல் திரும்பிப்போகும் ஸ்க்ரூ கிடையாது. வெளிச்சம் கூட்டிக் குறைக்கவும் வழி இருக்கிறது: 'டிம்' (DIM) என்று பெயரிட்ட காலில் 0.5 முதல் 2.5 வோல்ட் கொடுத்தால் படிப்படியாக மாறும், 0.3-க்குக் கீழே போனால் அணையும், எதுவும் இணைக்காமல் விட்டால் முழு வெளிச்சம். ஆர்டுயினோ கன்ட்ரோலர் போர்டிலிருந்து பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சிக்னல்) நேராகக் கொடுக்கலாம். நீல மாட்யூலில் இதே வேலையை வெளியீட்டில் மாஸ்ஃபெட்டை ஸ்விட்சாக வைத்துச் செய்யப்போனால், ஒவ்வொரு முறை அணையும்போதும் கெபாசிட்டர் ஏறி, ஒவ்வொரு முறை எரியும்போதும் எல்இடி ஒரு அடி வாங்கும்.

பிடி4115 சாவதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. 24 வோல்ட் சப்ளையிலிருந்து நீள ஒயர் இழுத்து, சப்ளை ஓடும்போதே மாட்டினால், ஒயரும் போர்டிலுள்ள செராமிக் கெபாசிட்டரும் சேர்ந்து ஊசலாடி வோல்டேஜை ஒரு கணம் இரட்டிப்புக்கு அருகே கொண்டுபோகும். சிப் தாங்குவது 30. மாட்யூலின் உள்ளீட்டில் 100 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று சேர்த்தால் அந்தத் துள்ளல் அடங்கும்.

மொட்டை மாடித் தோட்டத்துக்கும் கடை முகப்புக்கும் இந்த அமைப்பு நன்றாக வரும்: வீட்டுக்குள் ஒரு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (230-ஐ டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை), வெளியே ஆறு வெள்ளை எல்இடி தொடராக, 19 வோல்ட் சொச்சம், வரிசைக்கு ஒரு பிடி4115. 700 மில்லியாம்பியர் மாட்யூல் ஒன்றில் இரண்டு வரிசையை இணையாகக் கட்டி ஆளுக்கு 350 என்று மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஒரு வரிசை அறுந்தால் 700-ம் மற்றதன் தலையில் விழும்.

எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசியையும் கேட்பார்கள். 1.25-ஐ ஓமால் வகுத்தால் கரண்ட். 350 மில்லியாம்பியருக்கு 3.6 ஓம். ஒரு ரெசிஸ்டர் போதும், மின் இரைச்சல் கிடையாது. ஆனால் தனக்கென்று 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் பேட்டரியில் மூன்று எல்இடிக்கு 9.6-உம் இந்த 3-உம் சேர்ந்தால் 12.6, பேட்டரி முழுதாக இருக்கும் முதல் சில நிமிடங்களுக்குத்தான் சரிப்படும்.

தள்ளுவண்டியில் 12 வோல்ட்

பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை ஐந்தரைக்கு வண்டி போட்டு பதினோரு மணிக்கு எடுப்பவருக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் வேண்டும். 3 வாட் எல்இடி மூன்று, தொடராக, 700 மில்லியாம்பியர்: 6.7 வாட். இறக்கும் மாட்யூலின் இழப்பையும் சேர்த்தால் 7.6 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரியில் பாதியை மட்டும் எடுப்பதென்றால் 42 வாட்-மணி. ஐந்தரை மணி நேரத்துக்குக் கணக்கு சரியாக நிற்கும், பேட்டரி புதிதாக இருக்கும்வரை.

அதே வண்டியில் "50 வாட் சிப் போட்டா கூட்டம் வரும்" என்று ஆசைப்பட்டால் ஏற்றும் மாட்யூல் வேண்டும். 33 வோல்ட், 1.5 ஆம்பியருக்கு பேட்டரியிலிருந்து சுமார் 5 ஆம்பியர் போகும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 100 வாட் சிப் என்றால் 10 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மூன்று மீட்டர் போய், மூன்று மீட்டர் திரும்பினால் ஒயரிலேயே 1.1 வோல்ட் விழும், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.4 சொச்சம். வோல்டேஜ் விழ விழ ஏற்றும் மாட்யூல் அதே வாட்டைக் கொடுக்க இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும் என்பதால், மெல்லிய ஒயர் இரட்டைத் தண்டனை.

ஏற்றும் மாட்யூலுக்கு இன்னொரு சுபாவம்: பேட்டரி, காயில், டையோடு, வெளியீடு என்று ஒரு நேர்வழி அதற்குள் எப்போதும் திறந்தே இருக்கிறது. வெளியீட்டில் ஷார்ட் ஆனால் ஸ்க்ரூ எந்த அளவில் இருந்தாலும் அது தடுக்காது. எல்இடியின் வோல்டேஜ் பேட்டரியைவிடக் குறைவு என்றாலும் அதே கதை: 9 வோல்ட் 10 வாட் சிப்பை இதில் மாட்டினால் பேட்டரியே நேராக அதை எரித்துவிடும். உள்ளீட்டில் ஃபியூஸ் இல்லாமல் இந்த மாட்யூலை பேட்டரியில் கட்டவே கூடாது. 50 வாட்டுக்கு 7.5 ஆம்பியர், 100 வாட்டுக்கு 15. ஷார்ட் செய்து கரண்டை செட் செய்யும் மேற்சொன்ன முறையும் இதற்குப் பொருந்தாது. கரண்ட் ஸ்க்ரூவைக் குறைந்தபட்சத்தில் வைத்து, எல்இடியையும் மீட்டரையும் தொடராக இணைத்து, அதன் பிறகே சப்ளை கொடுத்து ஏற்ற வேண்டும்.

எந்த மாட்யூலானாலும் பேட்டரி தீர்ந்துவிட்டதை அது கண்டுகொள்ளாது. 8 வோல்ட் வரைகூட உறிஞ்சும். லெட்-ஆசிட் பேட்டரியை அப்படி நாலைந்து முறை விட்டால் மாற்றத்தான் வேண்டும். லோடு ஓடும்போது 11.5 வோல்ட்டில் வெட்டும் சிறு கட்-ஆஃப் போர்டு ஒன்றை முன்னால் போடுங்கள்.

வீட்டுக்குள் என்றால்

230 வோல்ட் இருக்கும் இடத்தில் 50 வாட், 100 வாட் சிப்பை நீல மாட்யூலில் ஓட்ட முயல வேண்டாம். எக்ஸ்எல்4015-இன் எல்லை 36 வோல்ட், சிப் கேட்பது 34. நடுவில் மூச்சு விட இடமில்லை. 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ்-இன் ஸ்க்ரூவை யாராவது சற்றுத் திருப்பினால் மாட்யூல் போச்சு. '24–36 வோல்ட், 1500 மில்லியாம்பியர்' என்று அச்சிட்ட, மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்திய டப்பா டிரைவர் ஒன்றே இங்கு போதும். அதில் ஐஎஸ் 15885 என்ற தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடிக்கு என்றால் ஹீட்சிங்கை எர்த்தில் இணைப்பதும், லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவு கரண்டைக் கண்டால் வெட்டும் ஸ்விட்ச்) இருப்பதும் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் போகும் டிரைவர்கள் நிறைய. ஃபியூஸுக்குப் பிறகு 275 வோல்ட் ஏசி எம்ஓவி (வோல்டேஜ் துள்ளலை விழுங்கும் உறுப்பு) ஒன்றைக் குறுக்கே போட்டால் பாதிச் சண்டையை அது வாங்கிக்கொள்ளும்.

நேராக 230-ல் போடும் சிப்பில் எல்இடிக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய இன்சுலேஷன் அடுக்கு மட்டும். மழையில் நனையும் இடத்திலும் குழந்தைகள் கை எட்டும் இடத்திலும் அது வேண்டாம். விளக்கும் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். மொபைல் கேமராவில் கோடு கோடாகத் தெரியும்.

அந்தத் துடிப்பு சில மலிவான டப்பா டிரைவர்களிலும் உண்டு. வீடியோ எடுக்கும் விளக்கு என்றால் நீல மாட்யூல்தான் ஜெயிக்கும். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்று, எக்ஸ்எல்4015, ஐந்து 3 வாட் எல்இடி தொடராக 16 வோல்ட். துடிப்பு இராது, வெளிச்சத்தைக் கையால் திருப்பலாம், 3 வோல்ட் இடைவெளியும் இருக்கிறது.

எதை எடுத்தாலும் சென்னை வெயிலைக் கணக்கில் சேர்க்காமல் முடியாது. 50 வாட் சிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 33 வாட், சூடாகவே போகும். மே மாதம் காற்றே 40 டிகிரி. சிப்பின் முதுகு 75-ஐத் தாண்டக்கூடாது என்றால் வாட்டுக்கு 1 டிகிரி மட்டும் ஏறும் ஹீட்சிங்க் வேண்டும்; ஃபேன் இல்லாமல் அது நல்ல கனமான அலுமினியம். கரண்டை 1.2 ஆம்பியருக்கு இறக்கினால் சூடு 26 வாட்டாகி, 1.3 டிகிரி வகை போதும். தட்டச்சுத் தாள் கனத்துக்கு தெர்மல் பேஸ்ட் அப்புவது வேண்டாம், மெல்லிய படலம் போதும்.

டிரைவரையும் சிப்பையும் ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். எக்ஸ்எல்4015 50 வாட் அருகே ஓடும்போது அதுவே நாலு வாட் சூட்டைக் கக்கும். திருவான்மியூர், ராயபுரம் போன்ற கடலோர வீடுகளில் போர்டின் செம்பில் பச்சைக் களிம்பு ஒரே வருடத்தில் பூக்கும். எல்லாம் செட் செய்து, ரெசிஸ்டர் மாற்றி முடித்த பிறகு அக்ரிலிக் கோட்டிங் ஒரு முறை அடிக்கலாம், எல்இடியின் மஞ்சள் முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டு. டப்பாவின் இடுக்கை அடைக்க பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கானை எடுக்காதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை ஆறும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும். டியூபில் 'நியூட்ரல்' என்று எழுதியதைக் கேட்டு வாங்கி, பூசி, ஒரு நாள் மூடியைத் திறந்தே வைத்துவிட்டு அடுத்த நாள் மூடுங்கள்.